விளக்கு ஒன்று போதுமா?

பாவேந்தரின் ‘குடும்ப விளக்கு’ பற்றி ஒரு திறனாய்வு

மலையைப் பாடினர்; கடலைப் பாடினர்; போர்க்களத்தைப் பாடினர்; கடவுளரைப் பாடிப் பாடிக் களைத்தனர். ஆனால், அடுப்பங்கரையைப் பாடியவர் யார்? பிள்ளையின் கிழிந்த சட்டையைத் தைக்கும் விரலையும், வாயில் தெளித்துக் கோலமிடும் கையையும் நெடியதொரு பாட்டுக்குப் பொருளாக்கலாம் என்று எண்ணிய புலவர் தமிழில் எத்தனை பேர்?

எண்ணியவர் ஒருவர்; எண்ணியதோடு நில்லாமல் எழுதியும் காட்டியவர் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன். 1942-இல் ‘ஒருநாள் நிகழ்ச்சி’ என்னும் முதற் பகுதி வந்தது. 1944-இல் ‘விருந்தோம்பல்’, 1948-இல் ‘திருமணம்’, 1950-இல் ‘மக்கட்பேறு’, ‘முதியோர் காதல்’ என ஐந்து பகுதிகளாக வளர்ந்து நின்றது ‘குடும்ப விளக்கு’. வீடு என்பதும் பாடத்தக்க பொருளே என்று தமிழுக்கு உணர்த்திய நூல் அது.

இந்நூலுக்குப் புகழுரை குறைவில்லை. திருமண மேடைகளில் மணமகளுக்கு எடுத்துக்காட்டாக அதன் தலைவி தங்கத்தைக் காட்டிப் பேசுவோர் பலர். பள்ளிப் பாடநூலிலும் இதன் பகுதி இடம் பெற்றது. ஆயினும், எதையும் ‘ஏன்? எப்படி?’ என்று கேட்கப் பழகிய நாம், நமக்கு உவப்பான நூலிடம் மட்டும் அக்கேள்வியைக் கேளாமல் விடலாமா? வேதத்தைக் கேட்போம், புராணத்தைக் கேட்போம், நம் வீட்டுப் புத்தகத்தை மட்டும் கேட்கமாட்டோம் என்றால், அது பகுத்தறிவாகுமா? கேட்பதே கவிஞருக்கு நாம் செய்யும் மதிப்பு.

கேள்வி இதுதான். இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று என இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு, இரவெல்லாம் கண்விழித்த இளந்தாய் ஒருத்தி இந்நூலைப் படிக்கிறாள் என்று கொள்வோம். நூலை மூடும்போது அவள் நெஞ்சில் எழுவது ஊக்கமா, ஏக்கமா?

கூடை சுமந்தவளும் கடை நடத்தியவளும்

முதலில் கவிஞருக்கு உரியதைக் கவிஞருக்குத் தருவோம்.

தங்கம் தோன்றுவதற்கு முன்னர், தமிழ்ப் பெண்ணுக்கு எடுத்துக்காட்டு என்று யாரைக் காட்டினார்கள்? தொழுநோயாளிக் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தாளே, அந்த நளாயினியை! தீயில் இறங்கித் தன் கற்பை மெய்ப்பித்த சீதையை! கணவனுக்காகக் கூற்றுவன் பின்னே நடந்த சாவித்திரியை! இவர்கள் எல்லாரும் கணவனுக்காகத் துன்பப்பட்டவர்கள். துன்பப்படுவதையே திறமையாகக் காட்டிய கதைகள் இவை. இக்கதைகளில் வீடு இல்லை, கணக்கு இல்லை, கல்வி இல்லை.

பாவேந்தர் படைத்த தங்கம் அத்தகையவள் அல்லள். வைகறையில் எழுகிறாள், கோலமிடுகிறாள், யாழெடுத்துப் பாடுகிறாள். குழந்தைகளை நீராட்டி, உணவூட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். தையல் வேலை செய்கிறாள். பழுதுபட்ட மரப்பொருள்களைத் தானே சீர் செய்கிறாள். ஊரிலிருந்து வரும் மாமன் மாமியைப் பேணுகிறாள். கணவன் மணவழகனின் கடைக்குச் சென்று வாணிகத்தையும் நடத்துகிறாள். இரவு வந்து, ஊர் அடங்கிய பின்னும், இன்று நாம் நம் நலத்தையே தேடினோமே, பொதுநலத்துக்கு என்ன செய்தோம் என்று கணவனைக் கேட்கிறாள்.

உளி பிடித்த பெண், கணக்கெழுதிய பெண், பொதுநலம் பேசிய பெண். 1942-ஆம் ஆண்டில் இது சிறு புரட்சியன்று. ‘அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?’ என்று கேட்ட நாட்டில், படித்தவள் வீடு எப்படி இருக்கும் பார் என்று ஒரு நாளை முழுதாக விரித்துக் காட்டியவர் அவர். அந்த வெற்றியை யாரும் மறுக்க முடியாது, நாமும் மறுக்கவில்லை.

அந்த நாளில் அவள் மட்டும்

ஆனால், அந்த ஒரு நாளை மீண்டும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எத்தனை தொழில்? சமையல் ஒன்று, செவிலித் தொழில் ஒன்று, தையல் ஒன்று, தச்சு ஒன்று, கடை ஒன்று, முதியோர் பேணல் ஒன்று. ஆறு ஆட்கள் செய்யும் வேலை. செய்வதோ ஓர் உடம்பு!

அவள் திறமையில் நம்மை வியந்து நிற்க வைக்கிறார் கவிஞர். அவள் களைப்பருகே நிறுத்தவில்லை. அந்த நாளின் பாரத்தில் பங்கு கொள்ள, அவளைப் போன்றே சிறு குழந்தைகளை வளர்க்கும் இன்னொரு தாய் வந்து நிற்கவில்லை. ‘உன் பிள்ளையையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சற்றே படு’ என்று சொல்ல ஒருத்தி இல்லை. ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, இது கடந்து போகும்’ என்று தோளைத் தொட ஒருத்தி இல்லை. கணவன் இருக்கிறான், அன்பானவன். மாமன் மாமி இருக்கிறார்கள், நல்லவர்கள். பின்னால் ‘மக்கட்பேறு’ பகுதியில் பாட்டிமார் தாலாட்டுப் பாடுகிறார்கள். எல்லாம் உறவின் வட்டம். ஒத்த நிலையிலுள்ள தாய்மார் ஒருவர்க்கொருவர் துணையாகும் வட்டம் ஒன்று உண்டே, அது தங்கத்தின் நாளில் இடம் பெறவில்லை.

இதன் பக்கத்தில் 1944-இல் வந்த ‘இருண்ட வீடு’ என்ற நூலை வைத்துப் பாருங்கள். அங்கே கல்லாத பெண் ஒருத்தி, சீர்குலைந்த இல்லம், கேட்டின் மேல் கேடு. சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, இத்தனைக்கும் வேர் கல்லாமையே என்று முடிக்கிறார் கவிஞர். நோக்கம் உயர்ந்தது. கல்வியின் தேவையை உணர்த்த அதைவிட எளிய வழி இல்லை.

ஆயினும், இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் இளந்தாய்க்கு என்ன தோன்றும்? உலகில் இரண்டே வீடுகள் உண்டு: ஒன்று ஒளி வீடு, மற்றொன்று இருள் வீடு. ஒளி வீட்டின் பெருமையும் ஒருத்திக்கே. இருள் வீட்டின் பழியும் ஒருத்திக்கே. துவைத்த துணி மடிக்கப்படாமல் கிடக்கிறதா? கூடத்தில் சோற்றுப் பருக்கை சிதறிக் கிடக்கிறதா? ‘நான் தங்கம் ஆகவில்லை, நான் இருண்ட வீட்டுக்காரி ஆகிவிட்டேன்’ என்று தன்னையே அவள் தண்டித்துக்கொள்வாள். படித்த பெண்ணாயிற்றே! கல்வியும் இருக்கிறது, ஒழுங்கு மட்டும் வரவில்லை என்றால், குறை தன்னுடையதே என்று நம்பிவிடுவாள்.

குறை அவளுடையதன்று. ஓர் ஆளின் தோளில் ஆறு ஆளின் சுமையை ஏற்றிய கணக்கில்தான் குறை.

கடல் கடந்த விளக்குகள்

இக்குறை நம் கவிஞர் ஒருவருடையது மட்டுமன்று. இல்லறத்தை ஒழுங்கு செய்ய எழுந்த உலக நூல்கள் பலவற்றிலும் இதே குறை உண்டு.

அமெரிக்காவில் காதரின் பீச்சர் அம்மையார் 1841-இல் இல்லப் பொருளாட்சி பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். வீட்டு வேலையை ஒரு கல்வித்துறையாக உயர்த்திய நூல். எழுதியவரோ மணம் செய்துகொள்ளாதவர், குழந்தை பெறாதவர்.

இங்கிலாந்தில் இசபெல்லா பீட்டன் அம்மையாரின் இல்ல மேலாண்மை நூல் 1861-இல் வந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல்; முதல் ஆண்டிலேயே 60,000 படிகள் விற்றன. குடும்பத் தலைவியைப் படைத்தலைவனுக்கு ஒப்பிட்டுத் தொடங்கும் நூல் அது. எந்த வேலைக்கு எந்த நேரம், எந்தப் பண்டத்துக்கு எந்த விலை, எந்தப் பணியாளுக்கு எந்தக் கடமை என்று அத்தனையும் அதில் உண்டு. அந்த அம்மையார் யார் தெரியுமா? நூல் வெளிவந்தபோது 25 அகவை. முதல் இரு குழந்தைகளையும் இளமையிலேயே பறிகொடுத்தவர். 1865-இல் நான்காம் குழந்தையைப் பெற்ற சில நாட்களில், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் 28-ஆம் அகவையில் மாண்டு போனார்!

உலகுக்கு இல்ல ஒழுங்கைக் கற்பித்தவரை, அவர் கற்பித்த ஒழுங்கு காக்கவில்லை. பேறு பார்ப்போர் தம் கைகளை மருந்து நீரால் கழுவினாலே அக்காய்ச்சல் குறையும் என்று வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைசு 1847-லேயே காட்டியிருந்தார். மருத்துவ உலகம் செவி சாய்க்கவில்லை. ஒரு தாயின் உயிர் அவள் வீட்டு அலமாரியின் அடுக்கில் இல்லை. அவளைச் சுற்றியிருக்கும் பிறருடைய கைகளில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்து வந்தார் கிறிசுடைன் பிரெடரிக். தொழிற்சாலையில் தொழிலாளியின் அசைவுகளை அளந்த டெய்லர் முறையை அடுக்களைக்குள் கொண்டுவந்தவர். பாத்திரம் கழுவ எத்தனை அடி நடக்கிறாய், எத்தனை முறை குனிகிறாய் என்று எண்ணச் சொன்னார். 1913-இல் அவர் நூல் வந்தது. நடையைக் குறைத்தால் ஓய்வு மிஞ்சும் என்றார். நல்லதுதான். ஆனால், 1929-இல் அவரே வணிகர்களுக்கு இன்னொரு நூல் எழுதினார்: குடும்பப் பெண்ணிடம் பொருள்களை எப்படி விற்பது என்று! இல்லத்தரசிக்கு அறிவுரை, அங்காடிக்கு ஆள்பிடிப்பு. ஒழுங்கின் பெயரால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொறி, ஒரு டப்பா, ஒரு தூள் என்று விற்கும் கலை அன்று செழித்தது, இன்றும் செழிக்கிறது.

செருமனியில் 1926-இல் மார்கரெட்டு சூட்டே லிகோட்சுகி என்ற பெண் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட்டு அடுக்களையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், கைக்கெட்டும் தொலைவில் எல்லாம். தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 அடுக்களைகள் அவ்வாறு கட்டப்பட்டன. உழைக்கும் பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த எழுந்த நல்ல நோக்கம் அது. ஆயினும், ஒருவர் நின்று வேலை செய்யவே அமைந்த இடத்தில், இன்னொருவர் வந்து கைகொடுக்க இடமில்லை. நடக்கும் அடிகள் குறைந்தன, தனிமை குறையவில்லை.

பீச்சர் கல்வி தந்தார். பீட்டன் பட்டியல் தந்தார். பிரெடரிக் அளவுகோல் தந்தார். லிகோட்சுகி அடுக்களை தந்தார். பாவேந்தரோ இவர்கள் எவரும் தராத பொதுநலப் பார்வையைத் தந்தார். ஆனால், இன்னொரு தாயைத் தருவதில் எல்லாரும் ஒன்றுபோலவே தவறினர்.

தாய்மாரே எழுதிய கடிதங்கள்

அறிஞர்கள் தராததைத் தாய்மார் தாமே தேடிக்கொண்டனர். அந்த வரலாறு நூலகங்களில் பெரிய இடம் பிடிக்காத வரலாறு.

1941-இல் நியூசிலாந்து நாட்டின் வெலிங்டன் நகரை அடுத்த கரோரியில், கணவர் போர்முனைக்குச் சென்றுவிட, சிறு குழந்தைகளோடு தனித்து நின்ற தாய்மாருக்கென விளையாட்டு மையம் ஒன்று தொடங்கியது. முறை எளியது: சில தாய்மார் இன்று எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வர், மற்றவர் ஓய்வெடுப்பர், நாளை முறை மாறும். குழந்தை வளர்ச்சி பற்றி அவர்களே கூடிப் படித்தனர். அந்த இயக்கம் நாடெங்கும் பரவி இன்றளவும் வாழ்கிறது.

1960-இல் இங்கிலாந்தில் மாரீன் நிக்கல் என்னும் இளந்தாய் ‘கார்டியன்’ ஏட்டுக்குக் கடிதம் எழுதினார். வீட்டுக்குள் அடைபட்ட, சிந்திக்க விரும்பும் பெண்கள் ஒருவர் முகவரியை ஒருவர் அறிய ஒரு பதிவேடு வேண்டும் என்றார். அக்கடிதத்திலிருந்து ஒரு நாடு தழுவிய அமைப்பு பிறந்தது. வீட்டு வேலையையும் குழந்தையின் துணியையும் பற்றிப் பேசாமல், நூலும் நாட்டு நடப்பும் பேசுவதே அவர்கள் கூட்டத்தின் வழக்கம். தாயும் சிந்திக்கும் மனிதப் பிறவியே என்பதை நினைவூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது.

அடுத்த ஆண்டு, 1961-இல், பெல் டுடாயேவ் என்னும் இலண்டன் தாய் அதே ஏட்டுக்கு எழுதினார். சிறுவர் பள்ளிகளைப் பெருக்க அரசு மறுத்துவிட்டது; அரசிடம் கேட்போம், அதுவரை நாமே தொடங்குவோம் என்றார். முன்பருவ விளையாட்டுக் குழுக்களின் சங்கம் அதன் விளைவு.

தோற்றவர்களும் உண்டு. அமெரிக்காவில், மாசச்சூசெட்சு மாநிலக் கேம்பிரிட்சு நகரில், மெலுசினா பே பியர்சு அம்மையார் 1869-இல் கூட்டுறவு இல்லறச் சங்கம் கண்டார். சமையலையும் சலவையையும் வீடுதோறும் தனித்தனியே செய்வானேன், ஓரிடத்தில் கூடிச் செய்து ஊதியமும் பெறுவோம் என்பது அவர் கொள்கை. ஈராண்டுக்குள் அது முடிந்து போனது. பெண்கள் கூடுவதைப் பல கணவன்மார் விரும்பவில்லை. அது முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தன் வீட்டு அடுப்பு தனக்கு மட்டுமே எரியவேண்டும் என்ற எண்ணத்துக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை!

இவையெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களின் கதை, நமக்கெதற்கு என்பார் சிலர். நம் வரலாற்றைப் புரட்டட்டும். 1938-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போரில் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்த தாய்மார் யார்? அதே ஆண்டு நவம்பர் 13-இல் சென்னையில் பெண்கள் மாநாடு கூட்டி, ‘பெரியார்’ என்னும் பட்டத்தை வழங்கியவர்கள் யார்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கூடவும், பேசவும், சிறை செல்லவும் தெரிந்த தாய்மார் இம்மண்ணில் இருந்தனர். நான்கே ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ‘ஒருநாள் நிகழ்ச்சி’யில், அத்தகைய தோழியொருத்தி தங்கத்தின் வாயிற்படியில் வந்து நின்றிருக்கலாமே என்றுதான் நாம் கேட்கிறோம்.

கூட்டுக் குடும்பம் போதாதா?

பழமை விரும்பி ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: ‘கூட்டுக் குடும்பம் இருந்தபோது இந்தத் தொல்லை உண்டா? மாமியார் இருந்தாள், நாத்தனார் இருந்தாள், ஓரகத்தி இருந்தாள். நீங்கள்தான் தனிக்குடித்தனம் என்று பிரித்தீர்கள். இப்போது துணை இல்லை என்று அழுகிறீர்கள்!’

துணை இருந்தது, உண்மை. அதற்கு விலையும் இருந்தது. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டவள் யார்? பிள்ளை பெற்ற உடம்போடு கிணற்றடிக்கு அனுப்பப்பட்டவள் யார்? பெண் குழந்தை பிறந்ததற்குப் பேச்சு வாங்கியவள் யார்? இளைய மருமகள்! அங்கே கிடைத்த உதவி, மேலிருந்து கீழே இறங்கும் ஆணையோடு வந்தது. கேட்டுப் பெறும் உதவி வேறு. கட்டளையோடு வரும் உதவி வேறு. நாம் பேசுவது, ஒத்த நிலையில் உள்ளோர், ஒருவர்க்கொருவர் அஞ்சாமல், குறை சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்ற கூச்சமின்றிப் பேசக்கூடிய கூட்டத்தைப் பற்றி.

அக்கூட்டமும் அறிவோடு கூடினால்தான் பயன். ‘சீம்பாலைக் கறந்து ஊற்றிவிடு, அது குழந்தைக்கு ஆகாது’ என்று ஒருத்தி சொல்ல, ‘ஆமாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்’ என்று பத்துப்பேர் தலையாட்டினால், அது ஊக்கமன்று, கூட்டு மடமை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரவேண்டும் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. மந்திரித்த கயிறும், கண்ணேறு கழிப்பும், நாள் பார்த்தலும் பரவுவதும் தாய்மார் வாய்வழியேதான். தடுப்பூசியும் தூய்மையும் பரவக்கூடியதும் அதே வழியேதான். வழி ஒன்று, அதில் எதை அனுப்புகிறோம் என்பதே வேறுபாடு.

பேயா? பிணியா?

இதில் உயிரே பணயமாக இருக்கிறது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் ஒருத்தி காரணமின்றி அழுகிறாள், உறங்க மறுக்கிறாள், குழந்தையைத் தூக்கவும் அஞ்சுகிறாள். ஊர் என்ன சொல்கிறது? ‘காற்றுக் கருப்பு பட்டுவிட்டது, பூசாரியைக் கூப்பிடு!’ வேப்பிலையும் உடுக்கையும் சாட்டையும் வருகின்றன. படித்த வீட்டிலோ, ‘திமிர், எங்கள் காலத்தில் நாங்கள் பத்துப் பெறவில்லையா?’ என்ற சொற்சாட்டை வருகிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் தரும் கணக்கைப் பாருங்கள்: உலக அளவில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் உளநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். வளரும் நாடுகளில் அது 19.8 விழுக்காடு, ஐவரில் ஒருத்தி! இது பேயன்று, பிணி. பிணிக்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. ஆனால், மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று முதலில் சொல்ல யாராவது வேண்டும். ‘எனக்கும் இருந்தது, மருத்துவரிடம் போனேன், சரியாயிற்று’ என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லும் ஒரே சொல், நூறு அறிவுரை நூல்கள் செய்யாததைச் செய்யும்.

‘எல்லாவற்றையும் இன்முகத்தோடு செய்பவளே நல்ல தாய்’ என்று கற்பித்துவிட்டால், அவள் அச்சொல்லைச் சொல்வாளா? வாயைத் திறப்பாளா? விளக்கென்று புகழப்பட்டவள், தான் அணைந்துகொண்டிருப்பதை எப்படிச் சொல்வாள்?

கவிஞரைக் கொண்டே கவிஞரை

பாவேந்தரின் பெருமை இங்கேதான் மீண்டும் வெளிப்படுகிறது. முதற் பகுதி விட்ட இடைவெளிக்கு இரண்டாம் பகுதியே விடை தரத் தொடங்குகிறது. ‘விருந்தோம்பல்’ பகுதியில் தலைவி பேசும் பேச்சைப் படியுங்கள். சமையலும் வீட்டு வேலையும் பெண்களுக்கே உரியவை என்று கூறுவது முறையன்று. அவை ஆடவர்க்கும் உரியவை என்று எண்ணும் நாள் வரவேண்டும் என்கிறாள் அவள். வானூர்தி ஓட்டுவதும் கடலை அளப்பதும் இருபாலார்க்கும் பொது என்று முழங்குகிறாள். ஒருநாள் முழுதும் தனியே உழைத்தவளின் வாயிலிருந்தே இது வருகிறது!

திருமண மேடையில் தங்கத்தைப் போற்றுவோர், அவள் விடியலில் எழுந்ததைச் சொல்கிறார்கள். அவள் பேசிய இப்பேச்சை விழுங்கிவிடுகிறார்கள். மணமகளுக்கு முதற் பகுதியைப் படித்துக் காட்டுவோர், மணமகனுக்கு இரண்டாம் பகுதியைப் படித்துக் காட்டவேண்டாமா?

படித்துக் காட்டாததன் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோர் பெண்களில் 81.2 விழுக்காடு; ஆண்களில் 26.1 விழுக்காடு. ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் செலவிட்டது 97 நிமிடம். குழந்தையையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேராது, அது தனி. பெண்ணுக்கு 134, ஆணுக்கு 76. ‘விருந்தோம்பல்’ வெளிவந்து 75 ஆண்டுகள் கழித்தும் கணக்கு இதுதான்!

ஆகவே, தாய்மார் கூடி ஒருவர்க்கொருவர் ஊக்கம் சொல்லிக்கொள்வது மட்டும் போதாது. வேலை பகிரப்படாத வீட்டுக்கு ஊக்கமொழி வெறும் சர்க்கரைத் தண்ணீர்; பசி ஆறாது. தந்தை பங்கு கொள்ளவேண்டும்; அரசும் பங்கு கொள்ளவேண்டும். 1969-இல் தில்லியில் கட்டட வேலைக்களத்தில், மண் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் அம்மையார் நடமாடும் குழந்தைக் காப்பகத்தைத் தொடங்கினார். 1975-இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. களை பறிக்கும் தாய்க்கும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கும் அந்தச் சட்டம் என்ன தந்தது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

எழுதவேண்டிய ஆறாம் பகுதி

‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதிகளோடு நின்றது. 1964-இல் பாவேந்தரும் மறைந்தார். ஆறாம் பகுதி ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது. அது தங்கமும் அவள் தெருவிலுள்ள தாய்மாரும் கூடும் பகுதி. அதை எழுத்தால் எழுதவேண்டியவர்கள் தாய்மார். இடம் தந்து எழுத உதவவேண்டியவர்கள், இதைப் படிக்கும் இளைஞர்களே, நீங்கள்!

உங்கள் ஊர்ப் படிப்பகத்தை நினைத்துப் பாருங்கள். நாளேடு இருக்கிறது, நீள்பலகை இருக்கிறது, சுவரில் தலைவர் படங்கள் இருக்கின்றன. வாயிலில் எத்தனை பெண்களின் காலணி கிடக்கிறது? பெண்ணுரிமை பற்றி அங்கே நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். நாம் பேசும் நேரத்தில், நம் வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவள் யார்?

வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், அப்படிப்பகத்தைச் சிறு குழந்தைகளின் தாய்மாருக்கு விட்டுக்கொடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கூடத் தெரியாது என்று எண்ணாதீர்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் உதவிக் குழுக்கள், இன்று தெருத்தோறும் கூடிச் சேமிப்பும் கடனும் கணக்குப் பார்க்கின்றன. பணத்துக்காகக் கூடத் தெரிந்தவர்கள், தங்களுக்காகவும் கூடுவார்கள். ஒருநாள் மருத்துவச் செவிலி வந்து பேசட்டும். ஒருநாள் நூல் ஒன்றைப் படித்து விவாதிக்கட்டும். ஒருநாள் ஒன்றுமே பேசாமல் சிரித்துவிட்டுப் போகட்டும், அதுவும் தேவைதான். யார் வீட்டில் பொருள்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று மதிப்பெண் போட ஒருவரும் அங்கே வரவேண்டாம்.

அந்த இரண்டு மணி நேரம் குழந்தைகள்? நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், தோழர்களே! மேடையில் முழங்கும் தொண்டைக்குத் தாலாட்டு வராதா? கொடி பிடிக்கும் கைக்குக் குழந்தையைத் துடைக்கத் தெரியாதா? தெரியாதென்றால் கற்றுக்கொள்ளலாம், உங்கள் தாய்மாரும் பிறக்கும்போதே கற்று வந்தவர்கள் அல்லர்.

பாவேந்தர் ஏற்றிய விளக்கை நாம் அணைக்கவில்லை. அதைக் கொண்டு அடுத்த விளக்கை ஏற்றச் சொல்கிறோம். ஒரு தெருவுக்கு ஒரு தங்கம் போதாது. தெரு முழுவதும் விளக்கேற்ற, முதலில் ஒவ்வொருத்திக்கும் எண்ணெய் வார்க்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தரவேண்டியவர்கள் நாம். இந்த வாரமே தருவோம்!